கவுன்சிலர் இன்சூரன்ஸ் நெட்வொர்க்ல இல்லையாம், ஆளை மாத்திரணுமா?

கேள்வி: அக்கா, எங்க வீடு சிந்துபூந்துறையில ஆத்தை ஒட்டி இருக்கு. 2023 டிசம்பர் வெள்ளத்துல நானும் அத்தையும் எம்மவனும் ராத்திரி பூரா தட்டட்டியிலதான் கெடந்தோம், வீட்டுக்காரங்க சென்னையில இருந்தாங்க, போன் டவரும் செத்துப்போச்சு. அன்னையிலேர்ந்து மழைச் சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடன்னு அடிக்கு, கை காலெல்லாம் வெறைச்சுப் போவுது, தூக்கத்துல எந்திரிச்சுப் போயி வாசல்ல தண்ணி ஏறுதான்னு பாக்கேன். ஈசிஜி, எக்கோ எல்லாம் எடுத்தாச்சு, இதயத்துல ஒண்ணுமில்லன்னுட்டாங்க. அப்புறம் ஒரு மனநல டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, பாளையங்கோட்டையில ஒரு சைக்காலஜிஸ்ட் அம்மாகிட்ட அனுப்பினாங்க. ஒரு செஷனுக்கு 1,200 ரூவா. அஞ்சு செஷன் ஆயிருக்கு, இப்போதான் கொஞ்சம் தூங்குதேன். வீட்டுக்காரங்க கம்பெனியில 5 லட்சத்துக்கு குரூப் இன்சூரன்ஸ் இருக்கு, போன் போட்டுக் கேட்டா அந்த அம்மா எங்க நெட்வொர்க்ல இல்ல, பணம் வராதுன்னுட்டாங்க. கம்பெனி ஆப்ல 6 கவுன்சிலிங் இலவசம், வீடியோவுல பேசலாம்னு போட்டுருக்கு, அதுக்கு மாறிருன்னு வீட்டுக்காரங்க சொல்லுதாங்க. தெரிஞ்ச ஏஜென்ட் ஒருத்தர், ஒரு நாள் ஆஸ்பத்திரியில அட்மிட் ஆன மாதிரி காமிச்சா எல்லாத்தையும் சேத்து கிளெய்ம் பண்ணிரலாங்கார். அத்தை, பேசுததுக்கா ஆயிரத்து இருநூறுன்னு கேக்காங்க. சீட்டுப் பணமும் தீந்துபோச்சு, வளையலை அடகு வைக்கலாமான்னு யோசிக்கேன். நான் என்ன செய்யட்டும்? பேர் போட வேண்டாம்.

பதில்: தங்கச்சி, மொதல்ல உங்க கேள்விக்கு நேரடியா பதில் சொல்லிருதேன், அப்புறம் காரணத்தை வெவரமா சொல்லுதேன். இப்போ ஆளை மாத்திராதிய. ஏஜென்ட் சொன்ன வேலையை கனவுலகூட செய்யாதிய. வளையலுக்கு இப்போதைக்கு அவசியம் வராதுன்னுதான் எனக்குத் தோணுது, கணக்கை கீழ போட்டுக் காட்டுதேன்.

நான் மனநல சமூகப் பணியாளர், பாளையங்கோட்டையிலதான் வேலை. டாக்டர் சீட்டு எழுதி முடிச்ச பெறவு பணத்துக்கு என்ன செய்யன்னு குடும்பங்கள் வந்து உக்காருத இடம் எங்க மேசைதான். அந்த வெள்ளத்துக்கு அப்புறம் ஆத்தோரத் தெருக்கள்லேர்ந்து, வண்ணார்பேட்டை, மீனாட்சிபுரம், அங்கிட்டு ஸ்ரீவைகுண்டம் ஏரல் பக்கம் வரைக்கும், உங்களை மாதிரி நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு இதய டாக்டர்கிட்டப் போயி ஒண்ணுமில்லன்னு திரும்பினவங்க நெறைய பேரு. குறுக்குத்துறை கோயிலை தண்ணி மூடுததை வருஷா வருஷம் பாத்து வளந்த ஊருதான் நம்மளுது, ஆனா அந்த டிசம்பர் 17, 18 ரெண்டு நாளும் அப்படிப்பட்டது இல்ல, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல கிட்டத்தட்ட 95 சென்டிமீட்டர் மழை, வருஷம் பூரா பெய்யுத மழை ஒரு நாள்ல கொட்டினா உடம்பு அதை மறக்காது. அதனால உங்களுக்கு வந்தது பயந்தாங்கொள்ளித்தனமும் இல்ல, வேலை இல்லாததுனால வந்த நோயும் இல்ல. இதை அத்தைகிட்டயும் வாசிச்சுக் காட்டுங்க.

சரி, இந்த நெட்வொர்க் விஷயத்துக்கு வாரேன். போன்ல உங்களுக்குச் சொன்னது பாதி உண்மை, அந்தப் பாதியை வச்சுத்தான் வீட்ல எல்லாரும் முடிவெடுக்கப் பாக்கிய. நெட்வொர்க்னா என்ன? இன்சூரன்ஸ் கம்பெனி சில ஆஸ்பத்திரிகளோட ஒப்பந்தம் போட்டு வச்சிருக்கும், அங்க அட்மிட் ஆனா நீங்க கையில பணம் கட்டாம கேஷ்லெஸ்ஸா வெளிய வரலாம், ஒப்பந்தம் இல்லாத ஆஸ்பத்திரியில அட்மிட் ஆனா நீங்களே கட்டிட்டு பில்லை அனுப்பித் திரும்ப வாங்கலாம், அதைத்தான் ரீஇம்பர்ஸ்மென்ட்ங்காங்க. இந்த ரெண்டுமே அட்மிட் ஆகுததுக்கான ஏற்பாடு. இப்போ 2024 ஜனவரியிலேர்ந்து நெட்வொர்க்ல இல்லாத ஆஸ்பத்திரியிலயும் 48 மணி நேரத்துக்கு முன்னாடி தகவல் சொன்னா கேஷ்லெஸ் கேக்கலாம்னு ஒரு ஏற்பாடும் வந்துருக்கு, அதுவும் அட்மிஷனுக்குத்தான். நீங்க போறது ஓபி. போறிய, ஒரு மணி நேரம் பேசுதிய, வீட்டுக்கு வந்துருதிய. நம்ம நாட்டு சாதாரண மெடிக்கல் பாலிசி 24 மணி நேரமாவது ஆஸ்பத்திரியில படுத்தாத்தான் திரும்பிப் பாக்கும் (டே கேர்னு சொல்லுத, அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிருத சில சிகிச்சை தவிர). அப்போ உங்க சைக்காலஜிஸ்ட் அம்மா நாளைக்கே நெட்வொர்க்ல சேந்தாலும் ஓபிக்கு கவர் இல்லாத பாலிசியா இருந்தா ஒத்த ரூவா வராது, ஓபிக்கு கவர் இருக்குத பாலிசியா இருந்தா அவங்க நெட்வொர்க்ல இல்லன்னாலும் பில்லை அனுப்பி வாங்க வழி இருக்கலாம். ஆக, நெட்வொர்க்ல இருக்காங்களான்னு கேட்டது தப்பான கேள்வி, அதுக்கு தப்பான பதில்தான் கெடச்சிருக்கு. இதுக்காகப் போயி நல்லா நடந்துக்கிட்டு இருக்குத சிகிச்சையை நிறுத்தணுமா சொல்லுங்க?

வீட்டுக்காரங்களை கம்பெனி எச்ஆர்கிட்ட மெயில்ல கேக்கச் சொல்லுங்க, போன்ல வேண்டாம், எழுத்துல பதில் வேணும். குரூப் பாலிசியோட முழு வாசகத்தையும், அதுல கம்பெனி சேத்துருக்குத கூடுதல் பலன் லிஸ்ட்டையும் கேக்கணும். அதுல ஓபிடி இருக்கா, இருந்தா வருஷத்துக்கு எவ்வளவு, பொண்டாட்டிக்கும் உண்டா, மனநல ஆலோசனை அதுல அடங்குதா, அடங்குனா மனநல டாக்டர் ஃபீஸ் மட்டுமா இல்ல கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஃபீஸுமா, பேனலுக்கு, அதாவது அவங்க சேத்து வச்சிருக்குத ஆளுங்க லிஸ்ட்டுக்கு, வெளிய உள்ளவங்க பில்லு செல்லுமா. இந்தக் கடைசி ரெண்டுலதான் நெறைய பேரு மாட்டுதாங்க. சில பாலிசியில "பதிவு பெற்ற மருத்துவர்"னு மட்டும் போட்டுருக்கும், சைக்காலஜிஸ்ட் எம்பிபிஎஸ் படிச்சவங்க இல்ல, அதனால அவங்க பில்லு மட்டும் தனியாப் போனா தள்ளிருவாங்க. அதுக்குத்தான் உங்க மனநல டாக்டர்கிட்ட ஒரு சீட்டு வாங்கி வைங்க, இன்ன பிரச்சினை, இன்ன சிகிச்சை, இத்தனை செஷன் தேவைன்னு நான்தான் அனுப்பினேன்னு அவங்க லெட்டர்ஹெட்ல. உங்களுக்கு வந்துருக்குதது பேரழிவுக்குப் பெறவு வருத மன அதிர்ச்சின்னு அவங்க முடிவு பண்ணியிருந்தா அதுக்கு எஃப் 43.1ன்னு ஒரு நோய்க் குறியீடு, கோடு (code) இருக்கு, கோடு போட்ட சீட்டுக்கு இருக்குத மரியாதையே தனி, கிளெய்ம் மேசையில உக்காந்துருக்கவங்களுக்கு கோடுதான் மொழி.

பில்லைப் பத்தியும் சொல்லிருதேன், ஏன்னா அஞ்சு செஷனுக்கும் நீங்க ஜிபேல அனுப்பிட்டு வந்துருப்பிய, ஸ்க்ரீன்ஷாட் பில்லு ஆகாது. ஒவ்வொரு செஷனுக்கும் தேதி போட்டு, உங்க பேரு போட்டு, என்ன சிகிச்சை எவ்வளவு தொகைன்னு போட்டு, அவங்க கையெழுத்து, சீல், ஆர்சிஐ பதிவு நம்பர் எல்லாம் இருக்குத ரசீது வாங்குங்க, பழைய அஞ்சுக்கும் சேத்து. இந்த ஆர்சிஐ நம்பர் ரொம்ப முக்கியம், 1992 சட்டத்துல வந்த இந்திய மறுவாழ்வு கவுன்சில்னு ஒண்ணு இருக்கு, கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னு போர்டு மாட்டுதவங்க அதுல பதிவு பண்ணியிருக்கணும், அவங்க வெப்சைட்ல பேரைப் போட்டு யாரு வேணும்னாலும் பாத்துக்கிடலாம். உங்க டாக்டரே அனுப்பினதுனால உங்க ஆளு சரியா இருப்பாங்கன்னு நம்புதேன், இருந்தாலும் கேளுங்க, நல்லவங்க கோவிச்சுக்கிட மாட்டாங்க. மூணு நாள் ஆன்லைன் கோர்ஸ் முடிச்சுட்டு கவுன்சிலர்னு உக்காந்துருக்கவங்களும் இப்போ எல்லா ஊர்லயும் இருக்காங்க, வெள்ளத்துல பாத்ததையெல்லாம் அவசரமா கிண்டிக் கிளறிவிட்டு ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துருவாங்க, அதுக்கு 300 ரூவாகூட தெண்டந்தான்.

சட்டம் இருக்குல்லா, மனநோயையும் உடம்பு நோயையும் ஒண்ணாப் பாக்கணும்னு சொல்லுதாங்களேன்னு சிலர் கேப்பாங்க. இருக்கு. 2017 மனநல பராமரிப்புச் சட்டம், அதுல 21ஆவது பிரிவு, உடம்பு நோய்க்கு எந்த அடிப்படையில இன்சூரன்ஸ் கொடுக்கியோ அதே அடிப்படையில மனநோய்க்கும் கொடுக்கணும்னு கறாரா சொல்லுது. 2018 மே மாசம் அமலுக்கு வந்துச்சு, அப்புறமும் கம்பெனிங்க இழுத்தடிச்சு, 2022 அக்டோபர் 31க்குள்ள எல்லா பாலிசியையும் மாத்துங்கன்னு இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்குத ஐஆர்டிஏஐ உத்தரவு போட வேண்டியிருந்துச்சு. இதுனால நமக்கு என்ன லாபம்னா, மனநல சிகிச்சைக்காக உண்மையாவே அட்மிட் ஆக வேண்டிய நெலமை வந்தா, இதெல்லாம் எங்க பாலிசியில கிடையாதுன்னு கையை விரிக்க முடியாது. ஆனா சட்டம் சொல்லுதது "அதே அடிப்படை", அவ்வளவுதான். காய்ச்சலுக்கு ஓபியில பாத்ததுக்குப் பணம் தராத பாலிசி கவுன்சிலிங்குக்கும் தராது, அது சட்டப்படி சரியாப் போயிரும். எனக்கு இதுல மனசு ஆறல தங்கச்சி. உடம்பு நோய்க்கு பெரிய செலவு ஆஸ்பத்திரிக் கட்டில்ல வருது, மனசு நோய்க்கு பெரிய செலவு வாரா வாரம் நாற்காலியில உக்காந்து பேசுததுல வருது, ரெண்டையும் ஒரே அளவுகோலால அளந்தா நம்ம சனங்களுக்கு ஒண்ணும் மிஞ்சாது. ஓபி கவுன்சிலிங்கை பாலிசிக்குள்ள கொண்டு வரணும்னு கேட்டுக்கிட்டே இருக்கணும், உங்க வீட்டுக்காரங்களும் கேக்கலாம், குரூப் பாலிசி வருஷா வருஷம் புதுப்பிக்குதப்போ எச்ஆர் பேரம் பேசித்தான் எதைச் சேக்கணும் எதை விடணும்னு முடிவு பண்ணுதாங்க, நாலஞ்சு பேரு சேந்து மனநல ஓபியைச் சேருங்கன்னு மெயில் போட்டா சேக்குத கம்பெனிங்க இருக்கு.

இப்போ அந்த ஏஜென்ட். அவரு சொல்லுததுக்குப் பின்னாடி ஒரு உண்மையான விதி இருக்கு, அட்மிட் ஆனா அதுக்கு முன்னாடி 30 நாள், டிஸ்சார்ஜுக்கு அப்புறம் 60 நாள் வரைக்கும் அதே நோய்க்கு ஆன செலவை பெரும்பாலான பாலிசியில சேத்துக் கேக்கலாம். அதை வச்சுத்தான் ஒரு நாள் படுத்துட்டு செஷன் பில்லையெல்லாம் உள்ள தள்ளிரலாம்னு அவரு கணக்குப் போடுதாரு. கேக்க சுளுவா இருக்கும். ஆனா அட்மிட் ஆகத் தேவையில்லாத ஆளை அட்மிட் ஆனதா காட்டுதது மோசடி, அதுல கையெழுத்துப் போடுதது அவரு இல்ல, நீங்களும் உங்க வீட்டுக்காரங்களும். விசாரணைக்கு ஆள் அனுப்புதாங்க, நர்ஸ் சார்ட்டைப் பாக்காங்க, மருந்து பில்லைப் பாக்காங்க, உண்மையிலயே தேவைப்பட்ட அட்மிஷன்கூட எதுக்குன்னு ஆயிரம் கேள்வி கேக்காங்க, பொய்யின்னு தெரிஞ்சா கிளெய்ம் போவுததோட நிக்காது, குரூப் பாலிசிங்கதுனால தகவல் கம்பெனிக்குப் போவும், வேலைக்கே ஆபத்து. அஞ்சு வருஷம் தொடர்ந்து பாலிசி வச்சிருந்தா பழசைக் கிளறக் கூடாதுன்னு ஒரு பாதுகாப்பு இருக்கு, அதுலயும் மோசடிக்கு மன்னிப்பு இல்லன்னு எழுதி வச்சிருக்கு. நாளைக்கு நீங்க சொந்தமா ஒரு பாலிசி எடுக்கப் போனாலும் ஆஸ்பத்திரியில அட்மிட் ஆயிருக்கியளான்னு ஃபார்ம்ல கேப்பான், நடக்காத ஒரு அட்மிஷனை ஆயுசுக்கும் தூக்கிச் சுமக்கணும். ஆறாயிரம் ரூவாய்க்காக இத்தனையா? அதோட, நான் பணத்தை விட்டுட்டே பேசுதேன், மழைச் சத்தத்துல நடுங்குத உங்களுக்கு இப்போ வேண்டியது எதையும் மறைக்க வேண்டியதில்லைங்குத ஒரு நிம்மதி, மறைக்குததுக்கு புதுசா ஒண்ணைத் தலையில ஏத்திக்கிட்டு செஷன்ல போயி உக்காந்தா எப்படி ஆறும்? அந்த ஆளு நல்ல எண்ணத்துல சொல்லியிருக்கலாம், ஆனா வேண்டாம்னு ஒத்த வார்த்தையில சொல்லிருங்க.

ஆப்ல உள்ள 6 இலவச செஷனைப் பத்தி. அது இன்சூரன்ஸ் இல்ல, கம்பெனி தன் ஆளுங்களுக்கும் குடும்பத்துக்கும்னு வெளி நிறுவனத்துக்கு காசு கொடுத்து ஏற்பாடு பண்ணுதது. நல்ல விஷயந்தான், கவலை, வேலைப் பளு, புருஷன் பொண்டாட்டி சண்டை இதுக்கெல்லாம் நான் பல பேரை அங்க போகச் சொல்லியிருக்கேன். ஆனா உங்க விஷயம் வேற. அந்த ராத்திரியில நடந்ததை நீங்க ஒருத்தங்ககிட்ட பைய பைய எடுத்து வச்சுக்கிட்டு இருக்கிய, எந்த எடத்துல வரைக்கும் பேச முடியும், எந்த எடத்துல கை வெறைக்கும்னு அவங்களுக்குத் தெரியும், பேச்சு முடிஞ்சு எந்திரிக்குததுக்கு முன்னாடி உங்களை எப்படி அமைதிப்படுத்தி அனுப்பணும்னும் தெரியும். கட்டுப் போட்ட கையைப் பாதியில அவுத்து வேற ஆளுகிட்ட நீட்டுத மாதிரித்தான் இப்போ மாறுதது. வீடியோவுல இருக்கவங்க கெட்டிக்காரங்களாவே இருக்கலாம், மறுபடியும் முதல்லேர்ந்து அந்த ராத்திரியைச் சொல்லணும், நம்ம பேச்சு அவங்களுக்குப் புரியணும், சிக்னல் நடுவுல போவாம இருக்கணும், அஞ்சாறு செஷன்ல பழகி முடிக்கும்போது இலவசம் முடிஞ்சிருக்கும். ஒரே நேரத்துல ரெண்டு பேருகிட்டயும் அதிர்ச்சியைப் பத்திப் பேசுததும் கூடாது, ரெண்டு பேரும் ரெண்டு விதமா இழுத்தா உங்களுக்குத்தான் கொழப்பம்.

ஆனா அந்த ஆறையும் வீணாக்க வேண்டாம். உங்க வீட்டுக்காரங்க அன்னைக்கு ராத்திரி சென்னையில உக்காந்துக்கிட்டு, போன் போகாம, பொண்டாட்டி பிள்ளை இருக்காங்களா இல்லையான்னு தெரியாமக் கெடந்துருக்காங்கல்லா. அவங்களுக்கும் அது ஒரு அடிதான், ஆம்பளைங்க வெளிய சொல்ல மாட்டாங்க. அந்த ஆறை அவங்க எடுத்துக்கிடட்டும். இல்லன்னா உங்க சிகிச்சை முடிஞ்ச பெறவு ஒரு பிடிமானத்துக்கு, மழை சீசன்ல ஒண்ணு ரெண்டு பேசிக்கிட நீங்க வச்சுக்கிடலாம். இன்னொண்ணு, அந்த ஆப் நடத்துத நிறுவனத்துல உங்க சைக்காலஜிஸ்ட் அம்மாவைச் சேத்துக்கிட முடியுமான்னும் எச்ஆர் மூலமா கேட்டுப் பாருங்க, திருநெல்வேலி பக்கம் பேனல்ல ஆள் இல்லன்னா சேக்க வாய்ப்பு உண்டு, அவங்களுக்கும் விருப்பம் இருக்கணும்.

அடுத்து பணம். நீங்க பயப்படுததுக்கு முக்கியக் காரணம், இது எப்போ முடியும்னு தெரியாம வாரா வாரம் 1,200 போய்க்கிட்டே இருக்கும்னு நெனைக்குதது. வெள்ளம், விபத்து மாதிரி ஒரே சம்பவத்துனால வந்த அதிர்ச்சிக்கு, அதுக்குன்னே உள்ள முறையில சிகிச்சை பண்ணினா பொதுவா 8லேர்ந்து 12 செஷன்ல நல்ல முன்னேற்றம் தெரியும், எல்லாருக்கும் அப்படியேன்னு சொல்ல முடியாது, ஆனா முடிவே இல்லாத விஷயம் கிடையாது. 12ன்னே வச்சுக்கிடுவோம். அஞ்சு முடிஞ்சுட்டு, மிச்சம் ஏழு, 8,400 ரூவா. அதுலயும் ஏழையும் வாரா வாரம் போவ வேண்டியதில்ல, அடுத்த நாலை வாரத்துக்கு ஒண்ணா போட்டு (இந்த நடுப்பகுதியில இடைவெளி விடக் கூடாது, இங்கதான் கடினமான வேலை நடக்கும்), கடைசி மூணை ரெண்டு வாரத்துக்கு ஒண்ணா வச்சுக்கிடலாம். அப்போ ஒரு மாசம் 4,800, அப்புறம் ஒன்றரை மாசத்துல 3,600. நீங்க இப்போ ஆவணியில எழுதியிருக்கிய, ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழைங்குதது நமக்குத் தெரிஞ்சதுதான், இந்தக் கணக்குப்படி கடினமான பகுதி மழைக்கு முன்னாடியே முடிஞ்சிரும், கடைசி ஒண்ணு ரெண்டு செஷன் மழை நேரத்துல வரும், அதுவும் நல்லதுதான், மழையை வச்சுக்கிட்டே பழகிக்கிடலாம். இந்தத் திட்டம் சரியா வருமான்னு அவங்ககிட்டயே கேளுங்க, என்ன அளவுல முன்னேற்றம்னு பாக்கப் போறோம், எத்தனை செஷன்ல மறுபடி பேசி முடிவெடுப்போம்னு. நோயாளி இதைக் கேக்கலாம், கேக்கணும்.

ஃபீஸைக் குறைக்கக் கேக்க வெக்கப்படாதிய. எங்க தொழில்ல நெறைய பேரு முழு ஃபீஸ் கொடுக்க முடியாதவங்களுக்குன்னு சில நேரத்தை ஒதுக்கி வச்சிருப்பாங்க, வெளிய சொல்ல மாட்டாங்க, கேட்டாத்தான் தருவாங்க. "இன்னும் ஏழு செஷனுக்கு என்னால இவ்வளவுதான் முடியும், நிறுத்த மனசில்ல, என்ன செய்யலாம்"னு உள்ளதைச் சொல்லுங்க. சொல்லாமக் கொள்ளாம நின்னுட்டுப் போறதுதான் எங்களுக்கு ரொம்ப வருத்தம்.

இன்னொரு பக்கம் செலவைக் குறைக்கலாம். மனநல டாக்டர் ஃபீஸு, மாத்திரை, இந்த ரெண்டையும் ஹைகிரவுண்ட் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு மாத்திக்கிடலாம், மனநலப் பிரிவு ஓபியில டாக்டரைப் பாக்கவும் மாத்திரை வாங்கவும் காசு இல்ல. வெள்ளனே போயி வரிசையில நிக்கணும், கூட்டம் இருக்கும், ஒரு மணி நேரம் உக்காந்து பேச அங்க நேரம் கெடைக்குதது கஷ்டம், அதனாலதான் பேச்சு சிகிச்சையை அங்க மாத்துங்கன்னு நான் சொல்லல, மாத்திரையை மட்டும் சொல்லுதேன். மிச்சமாகுத காசு செஷனுக்கு ஆகும். பழைய சீட்டு, மாத்திரை அட்டை எல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்க, ஒரு நாள்கூட மாத்திரை விட்டுப் போகாம மாத்திக்கிடணும், நல்லாத் தூங்குதோமேன்னு நீங்களா நிறுத்திராதிய. செஷனுக்கு டவுன் பஸ்ல போனா டிக்கெட் செலவும் இல்ல. டாக்ஸ்ல கழிக்க வழி உண்டான்னு வீட்டுக்காரங்க கேப்பாங்க, உங்க செஷன் ஃபீஸுக்கு கழிவு கிடையாது, அதை நம்பி கணக்குப் போட வேண்டாம்.

வளையல் இருக்கட்டும். எச்ஆர் பதில், ஃபீஸ் குறைப்பு, ஹைகிரவுண்ட் மாத்திரை, இந்த மூணும் தெரிஞ்ச பெறவும் துண்டு விழுந்தா, விழுகுத தொகைக்கு மட்டும் யோசிங்க. அப்படி வச்சாலும் அதுல தப்பில்ல, காதுல மூக்குல போட்டுருக்குதது ஆபத்துக்கு உதவத்தானே, ஆனா முதல் வழியா அது வேண்டாம்.

நீங்க எழுதல, ஆனா கேள்விக்கு நடுவுல ஒரு பயம் தெரியுது, பேர் போட வேண்டாம்னு சொன்னதுலயே தெரியுது. பில்லை அனுப்பினா கம்பெனியில எல்லாருக்கும் தெரிஞ்சிருமோன்னு. அதே 2017 சட்டத்துல 23ஆவது பிரிவு, உங்க மனநல சிகிச்சை விவரம் ரகசியமா இருக்கணும்ங்குதது உங்க உரிமை. கிளெய்முக்கு பில்லு, டாக்டர் சீட்டு, நோய் பேரு, இவ்வளவு போதும், நீங்க உள்ள உக்காந்து என்ன பேசினியங்குத குறிப்பை அனுப்பச் சொன்னா அனுப்ப வேண்டாம், சைக்காலஜிஸ்ட் அம்மாவும் கொடுக்க மாட்டாங்க. பில்லை எச்ஆர் மேசை வழியா அனுப்பாம நேரா டிபிஏ (இன்சூரன்ஸ் கம்பெனிக்காக கிளெய்மைப் பாக்குத நிறுவனம்) போர்ட்டல்ல ஏத்த முடியுமான்னு கேட்டுக்கிடுங்க. ஆப்ல உள்ள இலவச கவுன்சிலிங்லயும் பொதுவா எத்தனை பேரு பயன்படுத்தினாங்கங்குத எண்ணிக்கைதான் கம்பெனிக்குப் போவும், யாரு என்னன்னு போவாது, ஆனாலும் ஆரம்பிக்குததுக்கு முன்னாடி அவங்க ரகசிய விதியை வாசிச்சுக்கிடட்டும் உங்க வீட்டுக்காரங்க.

ஓபி கவர் இருக்குன்னு எழுத்துல பதில் வந்து, பில்லும் சரியா இருந்து, அப்புறமும் தள்ளிட்டாங்கன்னா விட்ராதிய. முதல்ல இன்சூரன்ஸ் கம்பெனியோட குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதணும், 30 நாள்ல பதில் இல்லன்னாலும், வந்த பதில் ஒத்துக்கிடுத மாதிரி இல்லன்னாலும், சென்னையில இருக்குத இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனுக்கு (இன்சூரன்ஸ் புகாரை விசாரிச்சுத் தீர்ப்புச் சொல்லுத அதிகாரி) ஒரு வருஷத்துக்குள்ள எழுதலாம். ஃபீஸ் கிடையாது, வக்கீல் வேண்டாம், குரூப் பாலிசிக்காரங்களும் போவலாம், அவரு கொடுக்குத தீர்ப்பு கம்பெனியைக் கட்டும். ரெண்டாயிரம் மூவாயிரத்துக்கு எதுக்கு அலையணும்னு எல்லாரும் விட்டுருதாங்க, அதனாலதான் அவங்களும் தள்ளிக்கிட்டே இருக்காங்க.

பின்னால சொந்தமா பாலிசி எடுக்குத எண்ணம் இருந்தா, இந்தச் சிகிச்சையை ஃபார்ம்ல மறைக்காம எழுதுங்க. ஏற்கனவே உள்ள நோய்க்கு அதிகபட்சம் 36 மாசம் காத்திருக்கச் சொல்லலாம், அதுக்கு மேல சொல்ல முடியாது. மறைச்சு வாங்கின பாலிசி தேவைப்படுத அன்னைக்குக் கைவிட்டுரும்.

கம்பெனி இன்சூரன்ஸே இல்லாம இதை வாசிக்குத மத்தவங்களுக்கும் ரெண்டு வார்த்தை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் அட்மிட் ஆகிப் பண்ணுத சிகிச்சைக்குத்தான், கவுன்சிலிங் ஃபீஸுக்கு அந்த அட்டையை நீட்ட முடியாது. ஜவுளிக்கடை, மில்லு, கம்பெனின்னு மாசம் 21,000 வரைக்கும் சம்பளம் வாங்குதவங்களுக்கு இஎஸ்ஐ பிடிச்சா, அதுல ஓபி உண்டு, மனநல டாக்டருக்கு அனுப்பச் சொல்லி டிஸ்பென்சரியில கேக்கலாம், குடும்பத்துக்கும் உண்டு. மாவட்ட மனநலத் திட்டக் குழு தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கு முறை வச்சு வருவாங்க, அம்பை, நாங்குநேரி, வள்ளியூர் பக்கம் உள்ளவங்க உங்க ஜிஎச்ல எந்தக் கெழமைன்னு கேட்டுக்கிட்டா பாளையங்கோட்டைக்கு பஸ் ஏற வேண்டிய அவசியம் இல்ல.

அத்தைக்கு வருவோம். பேசுததுக்கா 1,200ன்னு அவங்க கேக்குததுல தப்பு இல்ல, அவங்க காலத்துல மனசுல உள்ளதை வாசத்திண்ணையில உக்காந்து காசு இல்லாமதான் கொட்டினாங்க. ஆனா அந்தத் தட்டட்டியில அவங்களும்தான் இருந்தாங்க. அவங்க தூங்குதாங்களா, பேரனை மழையில வெளிய விடுதாங்களான்னு கவனிச்சுப் பாருங்க. சைக்காலஜிஸ்ட் அம்மாகிட்ட கேட்டுட்டு ஒரு செஷன்ல பாதி நேரம் அத்தையையும் கூட்டிட்டுப் போங்க, மூடின கதவுக்குப் பின்னாடி என்ன நடக்குன்னு பாத்துட்டா பாதி சண்டை கொறைஞ்சிரும், மழை ராத்திரியில நீங்க எந்திரிச்சா வையாம பக்கத்துல உக்காந்து என்ன செய்யணும்னும் அவங்களுக்குச் சொல்லிக் கொடுப்பாங்க. பிள்ளைக்கும் வயசைச் சொல்லி ஒரு வார்த்தை கேட்டுக்கிடுங்க.

செஷனுக்கும் செஷனுக்கும் நடுவுல ஒரு ராத்திரி ரொம்ப மோசமாப் போச்சுன்னா 14416க்கு அடிங்க. டெலிமானஸ்னு மத்திய அரசு 2022 அக்டோபர்ல தொடங்கினது, 24 மணி நேரமும் உண்டு, காசு இல்ல, தமிழ்ல பேசலாம். அந்த நம்பரை உங்க போன்லயும் அத்தை போன்லயும் இன்னைக்கே ஏத்தி வைங்க. எச்ஆர்கிட்டேர்ந்து பதில் வந்ததும் அந்த மெயிலையும் பாலிசியில ஓபி பத்தி உள்ள பக்கத்தையும் எனக்கு அனுப்புங்க, பேரு, பாலிசி நம்பர் எல்லாத்தையும் மறைச்சுட்டு, கிளெய்ம் ஃபார்ம்ல என்ன எழுதணும்னு பாத்துச் சொல்லுதேன்.